மீதி ஏழு புள்ளி ஆறு

ஏடு என்பதுதான் அந்த இயந்திரத்துக்கு வைத்த பெயர். பெயர் வைத்த அதிகாரிகளைத் தவிர வேறு யாரும் அதை அப்படிக் கூப்பிட்டதில்லை. வல்லநாட்டு மலையடியில் இருந்த மருந்தியல் ஆய்வுக் கழகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அது ஏட்டையா. போலீஸ் ஸ்டேஷன் ஏட்டையாவுக்கு ஊர்க்கதை முழுக்கத் தெரிந்திருப்பதுபோல இந்த ஏட்டையாவுக்கு மருந்துக்கதை முழுக்கத் தெரியும். இதுவரை எந்த மருந்தைப் பற்றி யார் எந்த மொழியில் எழுதியிருந்தாலும் அதைப் படித்து முடித்தாயிற்று. கேட்ட மாத்திரத்தில் பதில் வரும். சும்மா சொல்லக்கூடாது, பதில் சரியாகவும் இருக்கும். அதுதான் எரிச்சல்.

இப்படி ஒன்று வந்து உட்கார்ந்த பிறகு முனைவர் பட்டத்துக்கான தகுதித் தேர்வை என்ன செய்வது? முன்பெல்லாம் ஐந்து பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், மாணவர் வியர்த்து விறுவிறுத்துப் பதில் சொல்வார். ஏட்டையாவுக்குத் தெரிந்ததில் கால்வாசியை மனப்பாடம் செய்து ஒப்பித்து என்ன ஆகப்போகிறது? யோசித்தார்கள். யோசித்துத் தேர்வையே தலைகீழாகப் புரட்டிவிட்டார்கள். இனிமேல் மாணவர்தான் கேட்க வேண்டும், ஏடு பதில் சொல்லும். ஒரே ஒரு கேள்வி. அது மருந்தையும் உடம்பையும் பற்றியதாக இருக்க வேண்டும், ஆய்வுக்கூடத்தில் விடை தேடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஏடு பதில் சொல்லிவிட்டால் மாணவர் ஃபெயில். 'தெரியாது' என்று சொன்னால் பாஸ். பதில் தவறென்று பட்டால் அரை மணி நேரத்துக்குள் மாணவர் மறுத்துக் காட்டலாம். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு.

கேட்க என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். நாற்பத்தோரு பேருக்குத்தான் அந்த ஒரு சொல் கிடைத்தது.

அந்தச் சொல் வருவதற்கு முன்னால் ஒன்று நடக்கும். கடைசியாக ஒரு முறை தேடிப் பார்ப்பதற்காக, வளாகத்தில் இருக்கிற அத்தனை கருவிகளின் கணக்குத் திறனையும் ஏடு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சுழன்றுகொண்டிருந்த சோதனைக் குழாய்கள் நிற்கும். லிஃப்ட் நிற்கும். மெஸ்ஸில் தானாகத் தோசை வார்க்கிற இயந்திரம்கூட மாவு சொட்டச் சொட்ட அப்படியே நிற்கும். இரைச்சலிலேயே பழகிப்போன கட்டடத்தில் திடீரென்று மலைக்காற்றின் சத்தம் கேட்கும். அப்போது யாரும் சொல்லாமலே எல்லாரும் இருந்த இடத்தில் எழுந்து நிற்பார்கள். எங்கேயோ ஓர் அறையில் ஒரு பிள்ளை, இதுவரை யாரும் தொடாத ஓர் இடத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த மௌனம் ஒரு நிமிடம் இருக்கும், மிஞ்சிப்போனால் மூன்று நிமிடம். மெஸ் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் உண்டு.

உலகம்மாளுக்கு அந்த மௌனம் இன்னும் கிடைக்கவில்லை. போன வருடம் அவள் கேட்டது மோரைப் பற்றி. மோர் குடித்துவிட்டு மாத்திரை போட்டால் சிலருக்கு மட்டும் ஏன் மருந்து மெதுவாக ஏறுகிறது? இரண்டு வருடம் மண்டையைக் குடைந்து பிடித்த கேள்வி. ஏட்டையா நாலே வினாடியில் பதில் சொல்லிவிட்டு, பல்கேரியாவில் ஒருவர் முப்பது வருடத்துக்கு முன்பே தயிரை வைத்து இதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று கொசுறாகவும் ஒரு தகவலைச் சேர்த்துச் சொன்னது. அவமானத்தில் அவள் மூன்று நாள் மெஸ் பக்கம் போகவில்லை.

இன்றைக்கு இரண்டாவது வாய்ப்பு, கடைசி வாய்ப்பு. இதிலும் போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஏதாவது ஒரு மருந்து ஆலையில், ஏடு எழுதிய அறிக்கைக்குக் கீழே 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டு மிச்ச வாழ்க்கையை ஓட்டலாம். முப்பத்தொரு வயதில் அவளுக்கு அது வேண்டாம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

காலை ஒன்பதரைக்கு, கழகத்தின் வாசலில் நின்ற மினி பஸ்ஸுக்குள் உட்கார்ந்து அவள் அண்ணன் சுடலைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பஸ் அவன் ஓட்டுவது. டவுனிலிருந்து வந்த சவாரியை இறக்கிவிட்டு, அடுத்த டிரிப்புக்கு நேரம் இருந்தது.

"ஏட்டி, பரிச்சைக்குப் போற நேரத்துல அண்ணனுக்கு நகம் வெட்டுதியே, ஒனக்கு என்ன கிறுக்கா? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"கையை ஆட்டாத அண்ணே. சதையில பட்டுரும்."

"எதுக்குன்னாவது சொல்லித் தொலை."

"ஒம்பது வருசத்துக்கு முன்னால வார்டுல ஒரு மருந்து குடிச்சியே, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா தாயி? பத்து நாள் ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, வேர்வை தொடச்ச துண்டு முதக்கொண்டு எல்லாத்தையும் டப்பாவுல புடிச்சு வாங்கிட்டீங்க. மூச்சைக்கூட பலூன்ல ஊதச் சொன்னீங்க. அத்தனையும் எடை போட்டவ நீ. நம்ம ஊருல எந்தத் தங்கச்சி அண்ணனுக்கு இதைச் செஞ்சிருக்கா?"

உலகு சிரித்துவிட்டாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, கழகத்தின் சோதனை வார்டில் டெக்னீசியன் வேலை. சுடலைக்குப் பதினாலு வயதிலிருந்து வலிப்பு. கிணற்றுப் பக்கம் விடமாட்டார்கள், அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள், சைக்கிளைத் தொட்டால் அம்மா ஊரைக் கூட்டிவிடுவாள். சமனின் என்ற புதிய வலிப்பு மருந்தைச் சோதிக்க ஆறு நோயாளிகள் வேண்டும் என்றபோது அவளே அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தாள். ஒரே ஒரு வேளை மருந்து.

"அந்த மருந்துல ஒரு அணுவுக்குப் பொட்டு வச்சிருந்தோம் அண்ணே. பொட்டுன்னா அதுவும் கார்பன்தான், கொஞ்சம் வேற மாதிரி கார்பன். உள்ள எவ்வளவு போச்சு, வெளிய எவ்வளவு வந்துச்சுன்னு அந்தப் பொட்டை வச்சு எண்ணிரலாம்."

"சரி. வந்துச்சா?"

"நூத்துக்குத் தொண்ணூத்திரெண்டு புள்ளி நாலு வந்துச்சு."

"மீதி?"

"அதான் கேக்கப் போறேன்." அவள் வெட்டிய நகத்துண்டுகளைச் சின்னக் குப்பியில் போட்டு மூடினாள். "நகம் மாசாமாசம் வளருது பாரு. போன மாசம் வளந்த நகத்துல பொட்டு இருந்தா, போன மாசம் ஒன் ரத்தத்துல அது ஓடியிருக்குன்னு அர்த்தம்."

"இருக்கா?"

"எனக்கே தெரியாதுண்ணே. இங்க எந்தக் கருவியில அளந்தாலும் அது ஏட்டையாவுக்குத் தெரிஞ்சுரும். தெரிஞ்சுட்டா பெறகு கேள்வி கேக்க முடியாது. கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் போறேன்."

சுடலை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அன்றைக்கு வார்டிலிருந்து வெளியே வந்தவனுக்கு அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. டாக்டர்கள் தற்செயல் என்றார்கள். ஐந்து வருடம் பொறுத்து லைசென்ஸ் வாங்கினான், இப்போது பஸ் ஓட்டுகிறான். மற்ற ஐந்து பேர் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது. நோயாளிகளின் பெயரை அழித்துவிட வேண்டும் என்பது விதி. பாட்டில் எடை எழுதிய பதிவேடுகளையும் ஏழு வருடம் கழித்து விதிப்படி கிழித்துப் போட்டாயிற்று.

கிழிபடாமல் மிஞ்சிய காகிதம் ஒன்றே ஒன்றுதான், அலமாரியிலேயே கிடந்ததால் ஏட்டையா கண்ணில் படாதது. சோதனையின் கோப்பில், வராமல் போன ஏழு புள்ளி ஆறுக்குக் காரணம் என்று ஒரு வரி எழுதியிருந்தது: 'சேகரிப்பின்போது டெக்னீசியனின் கைதவறுதலால் ஏற்பட்ட இழப்பு.' கீழே உலகம்மாளின் கையெழுத்து. போடச் சொன்னார்கள், போட்டாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்று அவளுக்குத் தெரியும். எடுத்துச் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. அந்த வரியை எழுதியவர் டாக்டர் ஜெசிந்தா. சமனினைக் கண்டுபிடித்தவர், கழகத்தின் முதல்வர், இன்றைக்கு உலகுவின் ஆய்வு வழிகாட்டி.

தேர்வு அறை மூன்றாவது மாடியில். ஒரு மேசை, ஐந்து நாற்காலி, மாதிரிகளை வைத்தால் ஏடு அளந்து பார்க்கிற ஒரு கண்ணாடி இழுப்பறை சுவரில். அவ்வளவுதான். ஏட்டையாவுக்கு முகம் கிடையாது. குரல் மட்டும் எங்கிருந்தோ வரும், புத்தகத்தைப் படிப்பதுபோல நிதானமாக.

நடுவில் தேர்வுக்குழுத் தலைவர் டாக்டர் வஹீதா உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் பேராசிரியர் தாணுமாலயன், யார் எதைச் சொன்னாலும் முதலில் தலையை ஆட்டி மறுத்துவிட்டு அப்புறம் யோசிக்கிற மனிதர். சற்றுத் தள்ளி, வழிகாட்டிக்கு உரிய நாற்காலியில் ஜெசிந்தா. கேள்வி என்னவென்று வழிகாட்டிக்குக்கூடத் தெரியக்கூடாது. ஒரு வாரத்துக்கு முன்பே ஒட்டிக் கொடுத்த கவர் வஹீதாவின் கையில் இருந்தது.

"பயப்படாத ஏட்டி" என்று ஜெசிந்தா வாயசைத்தார். தூத்துக்குடிக்காரர். கோபத்திலும் ஏட்டிதான், பிரியத்திலும் ஏட்டிதான். உலகுவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டெக்னீசியனாக இருந்தவளைப் படிக்க வைத்து, விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்த மனுஷி. அவருடைய முகத்துக்கு நேராகத்தான் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

வஹீதா கவரைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். "சமனின் ஒரு வேளை கொடுத்த நோயாளியின் உடம்பிலிருந்து வெளியே வராத ஏழு புள்ளி ஆறு சதவீதம் எங்கே இருக்கிறது?"

ஜெசிந்தாவின் கையில் உருண்டுகொண்டிருந்த பேனா நின்றது.

ஏடு அரை வினாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "அப்படி ஒரு மீதி இல்லை. பத்து நாட்களில் வெளியேறிய அளவு நூறு சதவீதம். ஆதாரம், டாக்டர் ஜெசிந்தாவின் கட்டுரை, மூன்றாம் அட்டவணை."

"முடிஞ்சுதும்மா" என்றார் தாணுமாலயன். "இல்லாத ஒண்ணைத் தேடியிருக்கே."

"மறுப்பு இருக்கு சார்" என்றாள் உலகு. "அந்த நூறு நூறு இல்ல. தொண்ணூறுக்கு மேல வந்துட்டா முழுசா வந்ததா வச்சுக்கிறது நம்ம வழக்கம். வந்ததை நூறுன்னு வச்சு, மத்த எண்ணையெல்லாம் அதுக்குத் தக்கன இழுத்து அட்டவணை போடுவோம். மீதி பாட்டில்ல ஒட்டியிருக்கும், இல்லேன்னா டெக்னீசியன் சிந்தியிருப்பான்னு விட்ருவோம்."

"இது எல்லாரும் செய்றதுதானேம்மா. நானே எத்தனையோ மருந்துக்குச் செஞ்சிருக்கேன்." தாணுமாலயன் வஹீதாவைப் பார்த்தார். வஹீதா குனிந்துகொண்டார். அவரும் செய்திருந்தார்.

ஏடு பேசியது. "இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இல்லை."

"எப்படி இருக்கும்? எல்லாருக்கும் தெரிஞ்சதை யாரு எழுதி வைப்பா?" என்றாள் உலகு.

வஹீதா வழிகாட்டியின் பக்கம் திரும்பினார். "ஜெசிந்தா, வழிகாட்டிக்கு ஒரு உரிமை இருக்கு. நீங்க இப்ப கேள்வியைத் திரும்பப் பெறலாம். பதிவுலயே இருக்காது. பொண்ணுக்கு அடுத்த வருஷம் இன்னொரு வாய்ப்பும் கெடைக்கும்."

இதைவிட வசதியான வழி கிடையாது. மாணவிக்கும் நல்லது, வழிகாட்டிக்கும் நல்லது, கேள்வி மட்டும் செத்துப்போகும். உலகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவ முடிக்கட்டும்" என்றார் ஜெசிந்தா.

உலகு எழுந்து போய்க் குப்பியிலிருந்த நகத்துண்டுகளை இழுப்பறையில் கொட்டினாள். யாருடைய நகம், எப்போது மருந்து குடித்தவன், எல்லாவற்றையும் சொன்னாள். இழுப்பறை மூடிக்கொண்டது. சுவருக்குள் ஏதோ மெல்ல முனகியது. மூன்று நிமிடம் ஆயிற்று.

"இயற்கையாக எல்லா உடம்பிலும் இருக்கும் அளவைக் கழித்துவிட்டேன்" என்றது ஏடு. "மிச்சம் இருக்கிறது. பொட்டு இருக்கிறது."

அம்மாடி! ஒன்பது வருடம். எத்தனை டிரிப், எத்தனை சாப்பாடு, எத்தனை காய்ச்சல். தோல் உரிந்து, ரத்தம் புதிதாகி, அண்ணன் ஆளே மாறிவிட்டான். அவள் கையால் அளந்து ஊற்றிய அந்த ஒரு வாய் மருந்தில் ஏதோ ஒரு துளி மட்டும் போக மாட்டேன் என்று அவனுக்குள்ளேயே தங்கிவிட்டது. போன மாதம் நகமாக வளர்ந்தபோதுகூட எட்டிப் பார்த்திருக்கிறது. உடம்புக்குள்ளே அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது?

"நகத்தை வெட்டியது யார்?" ஏடு கேட்டது.

"நான்தான்."

"நீங்கள் வேலை செய்யும் இடம்?"

"பொட்டு வைக்கிற லேப்."

"எனில் எளிய விளக்கம் இதுதான். மாதிரியில் உங்கள் கையிலிருந்து மாசு கலந்திருக்கிறது. கைதவறுதல்."

மறுபடியும் அதே வார்த்தை! அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. அண்ணனிடமே நெயில் கட்டரைக் கொடுத்து வெட்டச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு யோசித்தவள் அதை யோசிக்கவில்லையே! பைக்குள் கையை விட்டுக் கட்டரை எடுத்தாள், தன் கட்டைவிரல் நகத்தை நறுக்கினாள், இழுப்பறையில் போட்டாள். "என் கையில மாசு இருந்தா என் நகத்துலயும் இருக்கணும்ல. பாருங்க."

மூன்று நிமிடம்.

"இல்லை" என்றது ஏடு. "உங்கள் கை சுத்தம். கைதவறுதல் என்ற விளக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் ஒன்பது வருடம் காத்திருந்தாள். ஆனால் ஏடு நிறுத்தவில்லை. "என்றாலும் ஒரு மனிதர் போதாது. ஒருவரில் மட்டும் காண்பதை அளவீட்டுப் பிழை என்றே நான் கொள்ள வேண்டும். மருந்து குடித்த ஆறு பேரில் இரண்டாமவர் வேண்டும். பெயர்கள் அழிக்கப்பட்டுவிட்டன. தேர்வு முடியப் பத்து நிமிடம் இருக்கிறது."

உலகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பத்து நிமிடத்தில் எந்த ஊரில் போய் யாரைத் தேடுவது? இன்றைக்குக் கடையில் சமனின் மாத்திரை வாங்கித் தினமும் சாப்பிடுகிற நாற்பது லட்சம் பேரால் பயனில்லை, அந்த மாத்திரைகளில் பொட்டுக் கிடையாது. பொட்டு வைத்த மருந்தைக் குடித்தது அந்த வார்டு மட்டும்தான்.

ஜெசிந்தா எழுந்து நின்றார். சரி, திரும்பப் பெறத்தான் போகிறார் என்று உலகு நினைத்தாள். அவளுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை.

"அந்த நெயில் கட்டரைக் குடு" என்றார் ஜெசிந்தா.

"மேடம்?"

"ஆறு பேர் இல்ல, ஏழு பேர்." அவர் வஹீதாவைப் பார்த்துப் பேசினார். "நான் ஆக்குனதை நான் குடிக்காம இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு எப்படிக் குடுப்பேன்? அந்தப் பொட்டு வச்ச மருந்தையே முந்தின நாள் ஒரு வேளை குடிச்சுப் பாத்தேன். விதிப்படி தப்பு. எங்கயும் எழுதல. என் மீதியை அளக்க எனக்குத் தைரியமும் இல்ல."

"ஜெசிந்தா, யோசிச்சுப் பேசுங்க. இதெல்லாம் பதிவாகுது" என்றார் வஹீதா.

"ஆகட்டும். ஏடு, அந்த லேப் கதவுல யாரு எப்ப உள்ள போனாங்கன்னு ஒனக்குத் தெரியும். நான் கடைசியா எப்பப் போனேன்?"

"எட்டு வருடம் இரண்டு மாதத்துக்கு முன்பு."

"அப்ப மாசுன்னு சொல்ல முடியாதுல்ல?" அவர் தன் மோதிரவிரல் நகத்தை வெட்டி, உலகுவின் கையில் கொடுக்காமல் தானே கொண்டுபோய் இழுப்பறையில் வைத்தார்.

சுவர் முனகியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம்.

"இருக்கிறது" என்றது ஏடு. "சுடலைக்கு இருக்கும் அதே அளவு. ஒன்பது வருடம் கழித்தும் இரண்டு உடம்பிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது."

அப்புறம் அது பேசவில்லை.

முதலில் சுவருக்குள் இருந்த முனகல் அடங்கியது. பிறகு கீழ்த்தளத்தில் சுழன்றுகொண்டிருந்தவை ஒவ்வொன்றாகச் சுதி இறங்கி நின்றன. லிஃப்ட் எங்கேயோ பாதியில் நின்றது. மின்விசிறி இறக்கைகள் ஓய்ந்தன. மெஸ்ஸில் ஒரு தட்டு விழுந்த சத்தம் மூன்றாவது மாடிவரை தெளிவாகக் கேட்டது. நடைபாதையில் நாற்காலிகள் நகர்ந்தன. ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள் என்று உலகுவுக்குப் புரிந்தது. அவளும் எழுந்தாள். வஹீதா எழுந்தார். எப்போதும் மறுப்பாகத் தலையாட்டுகிற தாணுமாலயன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல நின்றார். மலைக்காற்று ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம் ஆயிற்று. ஐந்து, ஏழு என்று போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு நீண்ட மௌனத்தை அந்தக் கட்டடம் கேட்டதே இல்லை. மனிதர் எழுதிவைத்த அத்தனையையும் படித்த ஒன்று, ஒரு மினி பஸ் டிரைவரின் நகத்துண்டுக்கு முன்னால் இப்படித் திகைத்து நிற்கிறதே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"தெரியாது" என்றது ஏடு.

யாரும் கை தட்டவில்லை. தாணுமாலயன்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஒரு வேளை குடிச்சவங்களுக்கே இப்படின்னா, தெனம் ஒண்ணு போடுற நாப்பது லட்சம் பேருக்குள்ள எவ்வளவு சேந்திருக்கும்? இல்ல, ஒரு வேளையே ஆயுசுக்கும் போதும்னா, இத்தனை வருஷமா அவங்களை ஏன் தெனமும் முழுங்க வச்சோம்?"

கருவிகள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. தெரியாது என்று சொல்லி முடித்ததும் எல்லாம் பழையபடி சுழல ஆரம்பிப்பதுதான் வழக்கம்.

"நான் ஒன்று கேட்கலாமா?" என்றது ஏடு.

பேராசிரியர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் அது தேர்வுக்குழுவிடம் எதுவும் கேட்டதில்லை.

"கேளு" என்றார் வஹீதா.

"உடம்பிலிருந்து முழுதும் வெளியேறிவிட்டது என்று பதினோராயிரம் மருந்துகளுக்கு என்னிடம் நூறு எழுதியிருக்கிறது. அவற்றில் உண்மையான நூறு எத்தனை?"

வஹீதா பதில் சொல்ல வாயெடுத்தார். தான் கையெழுத்துப் போட்ட அட்டவணைகள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"தெரியாது" என்றார்.

லிஃப்ட் நின்றுவிட்டதால் படியில்தான் இறங்க வேண்டியிருந்தது. முதல் மாடித் திருப்பத்தில் ஜெசிந்தா மூச்சு வாங்க நின்றார். உலகு பக்கத்தில் நின்றாள்.

"மேடம், ஒங்களை இப்ப என்ன செய்வாங்க?"

"விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. முதல்வர் நாற்காலி போயிரும். போகட்டும், அது முதுகு வலிக்கிற நாற்காலி." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஏட்டி, கேளு. ஒரு நாள் ராத்திரிகூட நீ சிந்தலன்னு எனக்குத் தெரியும். நீ பாட்டிலை ரெண்டு கையாலயும் புடிச்சுத் தூக்கிட்டு வருவே. நான் ஜன்னல் வழியாப் பாத்திருக்கேன். பாத்துக்கிட்டேதான் அந்த வரியை எழுதுனேன். ஒரு மீதிக்காக மருந்து நின்னு போயிருமோன்னு பயந்துட்டேன்."

மன்னித்தேன் என்று உலகுவுக்குச் சொல்ல வரவில்லை, பொய்யாகிவிடும். ஆனால் கையை நீட்டினாள். ஜெசிந்தா அதைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளை இறங்கினார்.

வாசலில் சுடலை பஸ்ஸுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். உள்ளே எல்லாம் நின்றுபோனதைக் கேட்டு டீக்கடைக்காரர், வாட்ச்மேன் எல்லாரும் எழுந்து நிற்க, எதற்கென்று தெரியாமலே அவனும் நின்றிருக்கிறான்.

"பாஸா?"

"பாஸ் அண்ணே. தெரியாதுன்னுட்டாரு."

"அம்புட்டுப் படிச்சவருக்கே தெரியலையா!" அவன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான், அப்புறம் வயிற்றை. "அப்ப அது எனக்குள்ளதான் இருக்கா? எங்க இருக்கு? நல்லதா, கெட்டதா?"

"தெரியாதுண்ணே. இனிமேத்தான் தேடணும். அதுவரைக்கும் மாசம் ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வரணும், நீயும் மேடமும்."

சுடலை ஜெசிந்தாவைப் பார்த்தான். அவர் தன் மோதிரவிரலை உயர்த்திக் காட்டினார். அவனும் வெட்டுப்பட்ட நகத்தைக் காட்டினான். உடன்பிறந்தவரைக் கண்டதுபோல இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

உலகு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள், ஏட்டையா கேட்ட கேள்வியையும் வஹீதா சொன்ன பதிலையும் சேர்த்து. சுடலை தலையைச் சொறிந்தான்.

"தெரியாதுன்னு பதில் வந்துட்டா, கேட்டவங்க பாஸுன்னுதானே சொன்னே?"

"ஆமா."

"அப்ப ஏட்டையாவும் பாஸா?"

உலகு திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தாள். மூன்று மாடியிலும் ஒன்றும் சுழலவில்லை. ஜன்னல்களில் ஆட்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். சுடலை வண்டியில் ஏறி அடுத்த டிரிப்புக்கு ஹாரன் அடித்தான். உள்ளே ஏட்டையா, தான் படித்த முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடியும் படித்துக்கொண்டிருந்தது.